கற்றோர் கொள்கையும் கற்றோர் நடத்தையும்

பல்கலைக்கழக ஆசிரியர் கடவுளை நம்புகிறாரா, எந்தக் கட்சியின் பக்கம் சாய்கிறார், சொத்தையும் சந்தையையும் பற்றி என்ன நினைக்கிறார் என்று இன்று கேட்பவர்கள் சமூகவியலாளர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பு இதே கேள்வியை, அதிலும் மதம் பற்றிய கேள்வியை, வேலை கொடுத்த நிறுவனமே கேட்டது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரிப் பதவி வகிக்க விரும்பியவர் தாம் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று கையொப்பமிட்டுச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் படித்தவர்கள் பலருக்கு அந்த நம்பிக்கை தளர்ந்திருந்தது. ஆனாலும் கையொப்பம் வெறும் சடங்கு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பதவியில் இருந்தார்கள்.

ஹென்றி சிட்ஜ்விக் அப்படி இருக்க மறுத்தார். 1859 முதல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் பதவி வகித்த அவர், தாம் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லிப் பெற்ற இடத்தில் தொடர்வது நேர்மையா என்று நெடுங்காலம் தமக்குள் வாதாடினார். 1869இல் பதவியைத் துறந்தார். மறுஆண்டு, மதக் கோட்பாட்டுக்குக் கையொப்பமிடுவதில் உள்ள அறச் சிக்கலைப் பற்றி ஒரு சிறுநூலும் எழுதினார். கல்லூரி அவரை முழுவதுமாக இழக்க விரும்பவில்லை, விரிவுரையாளராக வைத்துக்கொண்டது. 1871இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த மதச் சோதனையையே பெருமளவு நீக்கியது. அறவியலின் முறைகளை ஆராயும் அவருடைய பெருநூல் 1874இல் வெளிவந்தது. 1883இல் அவர் கேம்பிரிட்ஜில் அறவியல் பேராசிரியரானார்.

சிட்ஜ்விக்கின் வாழ்க்கையில் மூன்று கேள்விகள் ஒன்றாக முடிச்சிட்டுக் கிடக்கின்றன. கற்றவரின் கொள்கை அவருடைய கல்வியிலிருந்து பிறந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா? பெரும்பாலான கற்றவர்கள் ஒன்றை நம்புவதோ நம்பாததோ அதன் உண்மைக்குச் சான்றாகுமா? கொள்கை நடத்தையை அசைக்குமா? சோதனைகள் ஒழிந்த பின் கணிப்புகள் வந்தன. முதல் கேள்விக்கு அவை ஓரளவு விடை தருகின்றன. இரண்டாவதைப் பலரும் நினைப்பதைவிடக் கடினமாக்குகின்றன. மூன்றாவதில்தான் பெருத்த ஏமாற்றம் காத்திருக்கிறது.

கடவுள் நம்பிக்கையை எண்ணிக்கையில் அளக்க முதலில் துணிந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் லூபா. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் உளவியல் கற்பித்தவர் அவர். 1914இல் அமெரிக்க அறிவியலாளர் ஆயிரம் பேரைத் தேர்ந்து கேள்வித்தாள் அனுப்பினார். கேள்வி மிகவும் குறுகலானது: மனிதரோடு அறிவாலும் உணர்வாலும் உறவு கொள்ளும் கடவுள், வேண்டினால் விடை தருவார் என்று எதிர்பார்த்து வேண்டத்தக்க கடவுள், இருக்கிறாரா? சுமார் 42 சதவீதத்தினர் நம்புவதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ அதே அளவினர் மறுத்தார்கள். எஞ்சியவர்கள் எந்தப் பக்கமும் சேரவில்லை. துறையில் சிறந்தவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது நம்பியவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே போனார்கள். 1916இல் இது நூலாக வந்தது. அறிவு வளர வளர நம்பிக்கை குறையும் என்று லூபா முடிவு கட்டினார்.

இந்தப் புள்ளிவிவரம் நூலகத்தில் தூங்கவில்லை. அமெரிக்க அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அதைக் கையிலெடுத்தார். கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, அங்கே ஆசிரியர்கள் எதை நம்புகிறார்கள் என்று பாருங்கள் என்பது அவருடைய வாதம். பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பிப்பதற்கு எதிராக அவர் நடத்திய இயக்கம் 1925இல் டென்னசியில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்குவரை போனது. ஆசிரியர்களின் சொந்த நம்பிக்கையை எண்ணிக் காட்டுவது அவர்களுடைய பாடத்தைத் தாக்குவதற்கு வழியாகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வழி இன்றுவரை அடைபடவில்லை.

லூபாவின் கணிப்பை எட்வர்ட் லார்சனும் லாரி விட்ஹாமும் 1996இல் அதே சொற்களோடு மறுபடி நடத்தினார்கள். எண்பது ஆண்டுகளில் நம்பிக்கை கரைந்து போயிருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு: நம்புவதாகச் சொன்னவர்கள் 39 சதவீதம். ஏறக்குறைய பழைய அளவே. ஆனால் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களிடம் அதே கேள்வியைக் கேட்டு 1998இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. அங்கே நம்பியவர்கள் 7 சதவீதம் மட்டுமே. அவர்களுள்ளும் உயிரியலாளர்களிடம் நம்பிக்கை மிகக் குறைவாகவும் கணிதவியலாளர்களிடம் ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் இருந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் லூபா சொன்னது சரி என்றே தோன்றும். ஆனால் நீல் கிராஸ், சோலன் சிம்மன்ஸ் இருவரும் 2006இல் எல்லா வகை அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்தும் 1,417 ஆசிரியர்களைக் கேட்டபோது படம் மாறியது. கடவுள் இல்லை என்றவர்கள் சுமார் 10 சதவீதம். அறிய வழியில்லை என்றவர்கள் சுமார் 13 சதவீதம். சிறிதும் ஐயமின்றி நம்புவதாகச் சொன்னவர்களோ மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். துறைக்குத் துறை வேறுபாடு பெரிதாக இருந்தது. உளவியலும் உயிரியலும் கற்பிப்பவர்களிடம் நம்பாதோர் மிகுதி. கணக்குப்பதிவியல் ஆசிரியர்களிடம் உறுதியாக நம்புவோர் பெரும்பான்மை. இயற்கையை நேரடியாக ஆராயும் இயற்பியலும் வேதியியலும் பட்டியலின் உச்சியில் இல்லை. அறிவியல் அறிவே நம்பிக்கையைக் கரைக்கிறது என்றால், மனித மனத்தை ஆராயும் உளவியல் இயற்பியலை ஏன் முந்த வேண்டும்?

இதற்கு ஒரு விடையைச் சமூகவியலாளர் எலைன் எக்லண்ட் கண்டார். அமெரிக்காவின் 21 முன்னணிப் பல்கலைக்கழகங்களில் 1,646 அறிவியலாளர்களிடம் அவர் நடத்திய கணிப்பில், ஒருவர் இப்போது நம்புகிறாரா என்பதை அவர் எந்தத் துறையில் இருக்கிறார் என்பதைவிட, எத்தகைய வீட்டில் வளர்ந்தார் என்பதே நன்றாகக் காட்டியது. மதப்பற்று இல்லாத குடும்பத்தில் பிறந்தவர்கள் அறிவியலுக்குள் கூடுதலாக வந்திருந்தார்கள். ஆய்வுக்கூடம் நம்பிக்கையைப் பறித்தது என்பதைவிட, நம்பிக்கை குறைந்த வீடுகள் ஆய்வுக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பின என்பது பொருத்தமாக இருக்கிறது. கற்ற பிறகு நம்பிக்கையை இழந்தவர்கள் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை, சிட்ஜ்விக்கே ஒருவர். ஆனால் பெருங்கூட்டத்தின் சராசரியை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

எக்லண்ட் பின்னர் எட்டு நாடுகளிலும் பகுதிகளிலும் இதே ஆய்வை விரித்தார். 2016இல் வெளியான முடிவுகளில் ஹாங்காங்கும் தைவானும் கண்ணில் படுகின்றன. அங்கே அறிவியலாளர்கள் பொதுமக்களைவிடக் கூடுதலாகத் தங்களை மதப்பற்றுள்ளவர்கள் என்றார்கள். ஹாங்காங்கில் பொதுமக்களில் 20 சதவீதம், அறிவியலாளர்களில் 39 சதவீதம். அதே அறிவியல், அதே ஆய்விதழ்கள், எதிர்த்திசையில் ஒரு விளைவு. ஒரே காரணம் இரு இடங்களில் எதிரெதிராக வேலை செய்யாது. ஆகவே காரணம் அறிவியலுக்கு வெளியே இருக்கிறது.

இந்தியாவைப் பற்றிய தரவு இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. அமெரிக்காவின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2007, 2008 ஆண்டுகளில் 130 இந்திய நிறுவனங்களைச் சேர்ந்த 1,100 அறிவியலாளர்களிடம் கணிப்பு நடத்தினார்கள். கேட்கப்பட்டவற்றுள் ஒன்று, 2005இல் விண்வெளி விஞ்ஞானிகள் ஏவுதலுக்கு முன் திருப்பதி வெங்கடாசலபதியின் அருளை நாடியதை ஏற்கிறீர்களா என்பது. பத்துக்கு நால்வர் அளவில் ஏற்றார்கள். ஆனால் கோயிலுக்குப் போவது, ராகுகாலம் பார்ப்பது, மார்கழியில் கச்சேரி கேட்பது, அசைவம் தொடாதிருப்பது ஆகியவற்றுள் எது நம்பிக்கை, எது பழக்கம், எது சாதி வழக்கம் என்று கேள்வித்தாள் பிரித்துக் காண முடியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தங்கிக் கள ஆய்வு செய்த ரென்னி தாமஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தங்களை நாத்திகர் என்று சொல்லிக்கொண்ட விஞ்ஞானிகள் பலர் கர்நாடக இசையிலும் குடும்பச் சடங்குகளிலும் எந்த முரணும் இல்லாமல் பங்கெடுத்ததை அவர் கண்டார். நம்புகிறேன், நம்பவில்லை என்ற இரண்டு கட்டங்களுக்குள் அவர்கள் அடங்கவில்லை. லூபாவின் கேள்வி புரட்டஸ்தாந்து கிறித்தவர் ஒருவரின் கேள்வி. வேண்டுதலுக்கு விடை தரும் ஒரே கடவுளை மனத்தால் ஏற்பதே மதம் என்று அது எடுத்துக்கொள்கிறது. மனத்தால் ஏற்பதைவிடக் கையால் செய்வது முதன்மையாக உள்ள மரபில் அதே கேள்வி பாதியைத்தான் அளக்கும்.

இதை மிக நெருக்கமாகக் காட்டியவர் கவிஞர் அ. கி. ராமானுஜன். இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்று கேட்டு அவர் 1989இல் வெளியிட்ட கட்டுரையில் தம் தந்தையை நடுவில் நிறுத்துகிறார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், வானியலில் தேர்ச்சி, சோதிடத்திலும் அதே அளவு தேர்ச்சி. மேல்நாட்டுக் கணிதவியலாளரும் வீட்டுக்கு வருவார், பஞ்சாங்கச் சோதிடரும் வருவார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலையும் படிப்பார், கீதையையும் படிப்பார். இளைஞரான மகனுக்கு இது தாங்கவில்லை. நெப்டியூனும் புளூட்டோவும் கண்டுபிடிக்கப்பட்ட பின்னும் ஒன்பது கிரகத்தை வைத்துப் பலன் சொல்வது எப்படி என்று மடக்கினார். தந்தை கலங்கவில்லை, வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்வதுதான் என்ற பாங்கில் பேசினார். இரண்டும் எப்படி ஒரே தலைக்குள் இருக்கின்றன என்ற கேள்விக்கு மூளைக்கு இரண்டு பாதிகள் உண்டே என்று பதில் சொன்னார். மகனுக்கு அப்போது அது மழுப்பலாகப் பட்டது. பின்னாளில் அதே மகன் அதை ஒரு சிந்தனை முறையாகவே எடுத்து ஆராய்ந்தார்: இடத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப விதி மாறும் உலகில் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டிய தேவை எழுவதில்லை. இந்த விளக்கம் ஆழமானது. ஆனாலும் அது சோதிடம் உண்மையா என்ற கேள்வியைத் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் இரண்டை எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று விளக்குவது வேறு, அவற்றைச் சேர்த்து வைப்பது சரி என்று நிறுவுவது வேறு.

கற்றோரின் எண்ணிக்கை உண்மைக்குச் சான்றா என்ற இரண்டாவது கேள்வி இங்கேதான் எழுகிறது. கடவுள் உண்டா என்பதை வாதங்களால் ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் தத்துவ ஆசிரியர்கள். டேவிட் சால்மர்ஸ், டேவிட் பூர்ஜே இருவரும் 2009இல் 99 முன்னணித் தத்துவத் துறைகளில் நடத்திய கணிப்புக்கு 931 பேர் விடையளித்தார்கள். சுமார் 73 சதவீதம் நாத்திகத்தை ஏற்றார்கள் அல்லது அதன் பக்கம் சாய்ந்தார்கள். ஆத்திகத்தின் பக்கம் 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. துறை வல்லுநர்களின் பெரும்பான்மைக்கு எடை உண்டு என்றால் கேள்வி முடிந்தது. ஆனால் மதத்தின் தத்துவத்தையே சிறப்புப் பாடமாகக் கொண்டவர்களை மட்டும் எடுத்தால் எண் தலைகீழாகிறது: அவர்களில் 72 சதவீதம் ஆத்திகர்கள். யாரை வல்லுநர் என்பது? கடவுள் வாதங்களை நாள்தோறும் அலசுபவர்களையா, அந்த வாதங்களைப் புறத்தே நின்று பார்த்துத் தள்ளியவர்களையா?

இரு தரப்பும் எண்ணைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ள முயன்றதுண்டு. இரண்டும் பலவீனமான வாதங்கள். மதத்தின் தத்துவத்துக்குள் நுழைபவர்களில் பலர் நம்பிக்கையோடுதான் நுழைகிறார்கள். அந்த நம்பிக்கைதான் அவர்களை அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தது. ஹெலன் தி குருஸ் அத்துறையினரிடம் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மறுபுறம், அந்த வாதங்களில் பயனில்லை என்று முன்பே முடிவு செய்தவர்கள் மொழித் தத்துவத்துக்கோ மனத் தத்துவத்துக்கோ போய்விடுகிறார்கள். வல்லுநர்களின் ஒருமித்த கருத்துக்கு எப்போது எடை உண்டு? அவர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து தொடங்கி, ஒருவரை ஒருவர் பின்பற்றாமல், சான்றுகளால் தள்ளப்பட்டு ஒரே இடம் வந்து சேர்ந்தால் உண்டு. கண்டங்கள் நகர்கின்றன என்பதை ஏற்க மறுத்த புவியியலாளர்கள் 1960களில் கடல்தரைச் சான்றுகளுக்கு முன் தோற்று ஏற்றார்கள். அந்த ஒருமிப்புக்கு எடை உண்டு. வாசலில் நுழையும்போதே கூட்டம் பிரிந்துவிட்டால், உள்ளே எண்ணும் தலைகள் வாசலைப் பற்றியே பேசுகின்றன. கேள்வியைப் பற்றி அல்ல. கடவுள் உண்டா இல்லையா என்பதில் வாதத்தைத்தான் எடைபோட வேண்டும், வாதிகளை அல்ல.

அரசியல் கொள்கையிலும் இதே கதை சற்று வேறு வடிவில் திரும்புகிறது. அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்து அச்சத்தை அளக்க பால் லாசர்ஸ்ஃபெல்டும் வாக்னர் தீலன்ஸும் 1955இல் 165 கல்லூரிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்கள் 2,451 பேரைக் கேட்டார்கள். 1958இல் வந்த அவர்களுடைய நூல், இந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் இடப்பக்கம் சாய்ந்தவர்கள் என்றும், அச்சம் அவர்களுடைய வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது என்றும் காட்டியது. பின்னர் 1969இல் கார்னகி நிறுவனம் சுமார் 60,000 ஆசிரியர்களிடம் நடத்திய மாபெரும் கணிப்பை லாடும் லிப்செட்டும் ஆராய்ந்தார்கள். கல்லூரி முழுவதும் ஒரே நிறமாக இல்லை. சமூக அறிவியலிலிருந்து வணிகத்துக்கும் வேளாண்மைக்கும் போகப் போக இடச்சாய்வு குறைந்துகொண்டே வந்தது. கிராஸும் சிம்மன்ஸும் நடத்திய 2006இன் கணிப்பில் தாராளவாதிகள் 44 சதவீதம், நடுநிலையாளர் 46 சதவீதம், பழமைவாதிகள் 9 சதவீதம். மார்க்சியர் என்று சொல்லிக்கொண்டவர்கள் மொத்தத்தில் மிகச் சிலர். சமூக அறிவியலில் மட்டும் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு.

2011இல் சான் அன்டோனியோ நகரில் சமூக உளவியலாளர்கள் சுமார் ஆயிரம் பேர் கூடியிருந்த அரங்கில் ஜோனதன் ஹைட் கையுயர்த்தச் சொன்னார். தாராளவாதிகள் யார் என்றதும் அரங்கின் பெரும்பகுதி கையுயர்த்தியது. நடுநிலையாளரும் சுதந்திரச் சந்தையினரும் சில பத்துப் பேர். பழமைவாதிகள் என்றபோது எழுந்த கைகள் மூன்று. அதே ஆண்டுகளில் யோயல் இன்பாரும் ஜோரிஸ் லாமர்ஸும் அத்துறையினரைக் கேட்டபோது, சம தகுதியுள்ள இருவரில் பழமைவாதியைத் தவிர்க்கச் சாய்வதாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள்.

பாகுபாடு உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது? கிராஸும் அவர் குழுவினரும் 2008 தேர்தலை ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். முனைவர் பட்ட மாணவர் சேர்க்கைக்குப் பொறுப்பான பேராசிரியர்களுக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர் எழுதியதுபோல மின்னஞ்சல் அனுப்பினார்கள். சிலவற்றில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெயினின் பிரசாரத்தில் வேலை செய்ததாகவும் சிலவற்றில் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்காக வேலை செய்ததாகவும் ஒரு வரி. பதில்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கிராஸ் வந்து சேர்ந்த முடிவு: பேராசிரியர் வேலை இடதுசாரிகளின் வேலை என்ற பெயர் பெற்றுவிட்டது. செவிலியர் வேலை பெண்களின் வேலை என்று பெயர் பெற்ற பின் ஆண்கள் அதை நினைத்தும் பார்க்காததுபோல, பழமைவாத மாணவர்கள் இந்த வாசலுக்கே வருவதில்லை. இந்த விளக்கம் பெரும்பகுதி சரியாக இருக்கலாம். ஆனால் வராதவர் வராததற்குத் தடை எதுவும் காரணமில்லை என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. நுழைந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருப்பார். கேள்விப்பட்டது முழுவதும் பொய்யாக இருக்கவும் வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே பக்கம் நிற்கும் துறையில் தவறான முடிவொன்றைச் சோதிக்க ஆளில்லாமல் போகும். அத்துறையின் அரசியலைவிட இதுவே பெரிய கவலை.

பொருளாதாரக் கொள்கையில் பல்கலைக்கழகம் தனக்குள்ளேயே பிளந்து கிடக்கிறது. வாடகைக்கு உச்சவரம்பு வைத்தால் வீடுகளின் எண்ணிக்கையும் தரமும் குறையும் என்பதை 1992இல் வெளியான ஒரு கணிப்பில் அமெரிக்கப் பொருளியலாளர்கள் 93 சதவீதம் பேர் முழுமையாகவோ சில நிபந்தனைகளோடோ ஏற்றார்கள். 2020இல் 1,785 தத்துவ ஆசிரியர்களிடம் முதலாளித்துவமா சமவுடைமையா என்று கேட்டபோது 53 சதவீதம் சமவுடைமைப் பக்கம். முதலாளித்துவத்தின் பக்கம் 30 சதவீதம். இரு கேள்விகளும் ஒன்றல்ல. ஒன்று விளைவைப் பற்றியது, மற்றது எது நியாயம் என்பதைப் பற்றியது. ஆனால் விளைவைப் படிப்பவர்களும் நியாயத்தைப் படிப்பவர்களும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு ஒருவர் பாடத்தை மற்றவர் அரிதாகவே கேட்கிறார்கள்.

பொருளியல் படித்தால் மனிதர் சுயநலமாகிறாரா என்ற கேள்வி நாற்பதாண்டுகளாக ஆராயப்படுகிறது. மார்வெலும் ஏம்ஸும் 1981இல் நடத்திய சோதனையில், பொதுநிதிக்குப் பணம் கொடுக்கும் வாய்ப்பில் மற்றவர்கள் சராசரியாகப் பாதியளவு கொடுத்தார்கள். பொருளியல் மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கே கொடுத்தார்கள். ராபர்ட் ஃபிராங்க் குழுவினர் 1993இல் பேராசிரியர்களின் நன்கொடைப் பழக்கத்தைக் கேட்டபோது, எதற்கும் ஒரு காசும் கொடுக்காதவர்கள் பொருளியலாளர்களில் 9 சதவீதம். மற்ற துறைகளில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. சூரிக் பல்கலைக்கழகத்தின் ஒரு நடைமுறை நல்ல உரைகல்லாக அமைந்தது. அங்கே ஒவ்வொரு பருவத்திலும் கட்டணம் கட்டும்போது மாணவர்கள் விரும்பினால் ஏழை மாணவர் கடன் நிதிக்கு 7 பிராங்கும் வெளிநாட்டு மாணவர் நிதிக்கு 5 பிராங்கும் தர முடிந்தது. புரூனோ ஃபிரேயும் ஸ்டெஃபான் மையரும் அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். குறைவாகக் கொடுத்தவர்கள் வணிக நிர்வாகப் பிரிவினர்; அவர்கள் முதல் பாடம் கேட்பதற்கு முன்பே குறைவாகக் கொடுத்தார்கள். படிப்பு அவர்களை மேலும் கெடுத்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கையிலும் அரசியலிலும் கண்டதுபோலவே இங்கும் வேறுபாடு வாசலிலேயே தொடங்கியிருந்தது.

எஞ்சியிருப்பது அறம். நல்லது எது என்று ஆராய்வதையே வேலையாகக் கொண்ட அறவியல் பேராசிரியர்கள் மற்றவர்களைவிட நன்றாக நடக்கிறார்களா? தத்துவ ஆசிரியர்களான எரிக் ஷ்விட்ஸ்கெபெலும் ஜோஷுவா ரஸ்டும் இதை வெட்கப்படாமல் கேட்டுப் பல வழிகளில் அளந்தார்கள். வாக்களிப்பது, தாயோடு தொடர்பில் இருப்பது, மாணவரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, தர்மம் கொடுப்பது, உடல் உறுப்புத் தானம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் அறவியலாளர்கள் மற்றவர்களிலிருந்து வேறுபடவே இல்லை. நூலகங்களில் காணாமல் போன புத்தகங்களை எண்ணியபோது, அறவியல் வல்லுநர்கள் மட்டுமே எடுத்துப் படிக்கக்கூடிய நூல்கள் மற்றத் தத்துவ நூல்களைவிடக் கூடுதலாகக் காணாமல் போயிருந்தன.

இறைச்சி பற்றிய கேள்வியில் இடைவெளி வெளிச்சமாகத் தெரிந்தது. பாலூட்டிகளின் இறைச்சியை வழக்கமாக உண்பது அறத்துக்கு மாறானது என்றவர்கள் அறவியலாளர்களில் 60 சதவீதம், மற்றத் தத்துவ ஆசிரியர்களில் 45, பிற துறையினரில் 19. முந்தைய இரவுச் சாப்பாட்டில் அத்தகைய இறைச்சி உண்டதாகச் சொன்னவர்கள் முறையே 37, 33, 45 சதவீதம். சொல்லில் மூன்று மடங்கு வேறுபாடு. தட்டில் சிறு வேறுபாடு. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பின்னர் இதே ஆய்வு மறுபடி நடந்தபோது பொதுவான முடிவு மாறவில்லை. இறைச்சியில் மட்டும் அறவியலாளர்கள் சற்று வேறுபட்டார்கள்.

சிந்தனை பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. அது அவசர முடிவு. ஷ்விட்ஸ்கெபெல் 2020இல் அறவியலாளர் பீட்டர் சிங்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து வெளியிட்ட மற்றொரு ஆய்வு அதை மறுக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பாதிப் பேர் இறைச்சி உண்பதன் அறத்தைப் பற்றிப் படித்துக் கலந்துரையாடினார்கள், மறு பாதியினர் தர்மம் கொடுப்பதைப் பற்றி. வளாக உணவகத்தின் அட்டைகளில் பதிவான வாங்குதல்களைப் பார்த்தபோது முதல் பாதியினரின் இறைச்சி வாங்குதல் 52 சதவீதத்திலிருந்து 45ஆகக் குறைந்தது. மாணவரை ஒரு வகுப்பு அசைத்தது. ஆசிரியரை முப்பது ஆண்டுக் கற்பித்தல் அசைக்கவில்லை. இதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. மாணவருக்கு வாதம் முதன்முறை வருகிறது, வாழ்க்கையை நோக்கி வருகிறது. ஆசிரியருக்கு அது பாடக்குறிப்பு. எதிர்வாதமும் அதற்கு எதிர்வாதமும் அவர் கைவசம் இருக்கின்றன. எதையும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தை நேர்த்தியாகக் கட்டத் தெரிந்தவர் அவர்தான்.

இறைச்சிக் கேள்வியில் விலை சிறிது. விலை பெரிதாக இருந்த ஒரு சோதனை 1931இல் இத்தாலியில் நடந்தது. முசோலினியின் அரசு, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மன்னருக்கும் பாசிச ஆட்சிக்கும் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் ஆணையிட்டது. மறுத்தால் பதவி போகும். அந்நாட்டில் பேராசிரியர்கள் 1,200க்கும் மேல். அவர்களில் பாசிசத்தை உள்ளூர வெறுத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கையொப்பமிட அவர்களுக்கு மதிப்புள்ள காரணங்களும் கிடைத்தன. இளைஞர்களை எதிரியின் கையில் விட்டுவிடாமல் இருக்க இடத்தில் இருங்கள் என்று தத்துவ அறிஞர் பெனடெட்டோ குரோச்சே சிலருக்குச் சொன்னார். கம்யூனிஸ்ட் தலைமையும் தன் ஆட்களுக்கு அதையே சொன்னது. ஆட்சி என்பது அரசாங்கம் என்றுதான் பொருள்படும் என்று விளக்கி வத்திக்கான் நாளேடு கத்தோலிக்கருக்கு வழிவிட்டது. இப்படிக் கையொப்பமிட்டவர்களில் ஒருவரான பொருளியலாளர் லூய்ஜி எய்னாவுடி, போருக்குப் பின் இத்தாலியின் குடியரசுத் தலைவரானார். அவர்களை எளிதில் கோழைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தக் காரணங்கள் எல்லாத் தரப்புக்கும் ஒரே முடிவைத் தந்தன என்பதையும் மறைக்க முடியாது.

மறுத்தவர்கள் பொதுவாகப் பன்னிருவர் என்று எண்ணப்படுகிறார்கள். ரோமில் கணிதம் கற்பித்த வீட்டோ வோல்டெர்ரா, செமித்திய மொழிகள் கற்பித்த ஜியோர்ஜியோ லெவி தெல்லா வீடா, பண்டை வரலாற்றாசிரியரும் பக்தியுள்ள கத்தோலிக்கருமான கயத்தானோ தெ சாங்டிஸ், திருச்சபை விலக்கிவைத்த குருவான எர்னெஸ்டோ புவோனயூத்தி, டூரினில் கலை வரலாறு கற்பித்த லியோனெல்லோ வெந்தூரி, பொலோன்யாவின் அறுவை மருத்துவர் பார்தோலோ நிக்ரிசோலி, சட்டப் பேராசிரியர்களான ருஃபினி தந்தையும் மகனும், இன்னும் சிலர். தத்துவப் பேராசிரியர் ஒரே ஒருவர்: மிலானின் பியரோ மார்த்தினெத்தி. அதே நாட்டின் புகழ்பெற்ற தத்துவவாதி ஜொவான்னி ஜென்டிலே அந்த உறுதிமொழிக்கு ஆதரவாக நின்றவர். பன்னிருவரை மதமோ கட்சியோ துறையோ ஒன்று சேர்க்கவில்லை. அவர்களில் யூதரும் கத்தோலிக்கரும் எந்தச் சபையிலும் சேராதவரும் இருந்தார்கள். முடியாட்சியை மதித்தவர்களும் இருந்தார்கள். எந்தக் கணிப்பின் எந்தக் கேள்வியும் அவர்களை முன்கூட்டியே அடையாளம் காட்டியிருக்காது. 1938இல் இனச் சட்டங்கள் வந்தபோது, உறுதிமொழியில் கையொப்பமிட்டிருந்த யூதப் பேராசிரியர்களும் பதவி நீக்கப்பட்டார்கள்.